எதிர்வெயிலில் எடுத்த வாத்து

கணவன் சட்டையின் தோள்பட்டையில் வெள்ளைப் பவுடர். நேலிடா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் பவுடர் பூசுவதை விட்டுப் பத்து வருஷமாகிறது.

பக்கத்து வீட்டு மிர்த்தா சட்டையைப் பிடுங்கி முகர்ந்தாள். முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"என்னடி இது, மோர் வாடையே இல்ல?"

அதுதான் நேலிடாவையும் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் கணவன் ஒஸ்வால்தோவுக்கு சீஸ் ஆலையில் வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மாலை நாலு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். இருபத்தாறு வருஷமாக எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாத அந்தப் புளித்த வாடையை ரெண்டு மாசமாகக் காணோம்.

"எங்கயோ குளிச்சிட்டு வர்றான்," என்றாள் மிர்த்தா. "நேத்து அஞ்சு மணிக்கு அவன் சைக்கிள் கொரினா வீட்டுப் பின்வாசல்ல நின்னுச்சு. மீன் பிடிக்க வர்றவங்களுக்கு ரூம் விடுறாளே, அந்த கொரினா. புருஷன் செத்து வருஷம்கூட ஆகல."

"அவன் ஏரிக்கரையில வாத்துப் படம் எடுக்குறான்டி. சாயங்கால வெயில் எதிர்ல இருக்கிற மாதிரி நின்னு எடுக்கணுமாம். சனிக்கிழமை வகுப்புல சொல்லிக் குடுத்திருக்காங்க."

"எந்த வாத்து பவுடர் பூசுது?" என்று கேட்டுவிட்டு மிர்த்தா எழுந்து போய்விட்டாள். வந்த வேலை முடிந்தது அவளுக்கு.

நேலிடா ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். ரொசாரியோவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் காலையில் ஒரு பஸ் உண்டு. இன்றைக்கு அவன் வந்ததும் எங்கே போகிறாய் என்று கேட்பது, பொய் சொன்னால் கிளம்பிவிடுவது. தீர்மானம் செய்துவிட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

எட்டு மணிக்கு ஒஸ்வால்தோ வந்தான். தலை ஈரமாக இருந்தது. வந்ததும் வராததுமாகக் கேமராவை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். மகள் விட்டுப்போன பழைய கேமரா.

"கடைசியா வந்துடுச்சு, பாரு. இத்தனை நாள் வாத்தெல்லாம் கரிக்கட்டை மாதிரி விழுந்துச்சா? வெளிச்சம் எதிர்ல இருந்தா கேமரா ஏமாந்து எல்லாத்தையும் இருட்டாக்கிடுது. வாத்தியார் சொன்ன மாதிரி கேமராவுல வெளிச்சத்தை ஒரு படி ஏத்தி வெச்சேன். மூக்கைப் பாரேன்."

பார்த்தாள். செம்பழுப்பு உடம்பு, நீல மூக்கு. பக்கத்தில் கறுப்பு ஆண்வாத்து ஒன்று, அதன் சிவப்பு மூக்கு வழியாக வெளிச்சம் ஊடுருவி தணல் மாதிரி இருந்தது. கழுத்து விளிம்பு முழுக்கப் பொன்னிறம். படம் நன்றாக இருந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"முட்டி போட்டு அரை மணி நேரம் அசையாம இருந்தேன். எப்பவும் வாத்தை மட்டும்தான் எடுப்பேன். இன்னைக்கு அக்கரையும் சேர்த்து எடுத்திருக்கேன்."

அக்கரையும் தெரிந்தது. பண்ணையின் காற்றாலை, அதன் தோளில் உட்கார்ந்த மாதிரி சூரியன்.

"எப்ப எடுத்த?"

"இப்பதான், ஏழு மணிக்கு. வெயில் இறங்குற நேரம்."

நேலிடா கேமராவை மேசையில் வைத்தாள். இந்த ஊரில் பிறந்து ஐம்பத்திரண்டு வருஷமாகிறது அவளுக்கு.

"ஒஸ்வால்தோ, நம்ம ஊர்ல சூரியன் எங்க இறங்கும்?"

"ஏன், ரயில்வே ஸ்டேஷன்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"ஸ்டேஷனுக்குப் பின்னால. காற்றாலைப் பக்கம் கிளம்புறது காலைச் சூரியன். இது காலையில எடுத்த படம்."

அவன் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் துளிகூட நேலிடாவுக்கு வரவில்லை.

"அப்ப சாயங்காலம் ஏரிக்குப் போறதெல்லாம் பொய். எங்க போற?"

"கொரினா வீட்டுக்கு."

பொய் சொன்னால் என்ன செய்வதென்றுதான் யோசித்து வைத்திருந்தாள். இப்படி உண்மையைச் சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை.

"எதுக்கு?"

"பின்பக்க ரூமுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிறேன். முடிச்சதும் அங்கயே தலையைக் கழுவிட்டு வர்றேன்."

"பத்து மணி நேரம் ஆலையில நின்னுட்டு வந்து எவன் சுண்ணாம்பு அடிப்பான்? என் காதுல பூ சுத்தாதே."

விடுவிடுவென்று உள்ளே போய்ப் பையை இழுத்து வந்து வாசலில் போட்டாள். அவன் தடுக்கவில்லை.

"சாயங்காலத்தையே கேட்டுக்கிட்டிருக்க," என்றான் மெதுவாக. "இந்த ரெண்டு மாசமா காலையில நான் எங்க இருந்திருக்கணும், நேலிடா?"