நீல மூடி

“வாயை இறுக்கிக் கட்டிட்றேன்டி. விடியற வரைக்கும் தொறக்கவே கூடாது. எது போனாலும் மூக்கு வழியாத்தான் உள்ள போவணும்.”

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பேட்டரிக் கடை வைத்திருக்கும் வேதகிரி தலையைத் தூக்கிப் பார்த்தான். கடை வாசலில் நின்று போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தவள் ஹேமாவதி. அவள் புருஷன் விஜயராகவனுக்குப் போன வருடம் டிராக்டர் பேட்டரி மாற்றிக் கொடுத்ததே இவன்தான்.

“சத்தமே வராது, நீ பயப்படாத” என்று போனை வைத்தவள், “அண்ணா, பேட்டரி தண்ணி ஒரு கேன் குடுங்க” என்றாள்.

“டிராக்டருக்காம்மா?”

“டிராக்டருக்கு இல்லண்ணா. அவருக்குத்தான்.”

வேதகிரி கேனை எடுக்கப் போனவன் திரும்பிப் பார்த்தான். “அவருக்கா?”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. ஒல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?” வாலாஜாபாத் பஸ் ஹாரன் அடித்தது. “சீக்கிரம் குடுங்கண்ணா, பஸ்ஸு பூடப் போவுது.”

இந்தப் பக்கத்தில் டிஸ்டில் வாட்டரும் பேட்டரி தண்ணிதான், ஆசிட்டும் பேட்டரி தண்ணிதான். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். ஆசிட்டுக்குச் சிவப்பு மூடி, தண்ணிக்கு நீல மூடி. புருஷன் வாயைக் கட்டப் போகிறவள் எதைக் கேட்பாள் என்பதில் வேதகிரிக்குச் சந்தேகமே இல்லை.

இல்லை என்று சொன்னால் வேறு கடைக்குப் போவாள். நம்ம வேதகிரி லேசுப்பட்ட ஆளா? நீல மூடி கேனாகப் பார்த்து எடுத்து நீட்டினான். கேன் என்னவோ வழக்கத்தைவிடக் கனத்தது. பயத்தில் கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அவள் போன பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணி வேலை செய்யவில்லை என்றால் அடுத்து அரிவாளை எடுப்பாளோ என்னவோ! தினமும் காலையில் கடை திறப்பவள் அவன் மனைவி கல்பனா. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அவளையே மறுபடி கடையில் உட்கார வைத்துவிட்டு, விஜயராகவன் வீட்டுக்கு வண்டியை முறுக்கினான்.

ஹேமாவதிதான் கதவைத் திறந்தாள்.

“அவரு எங்கம்மா?”

“உள்ள படுத்துக்கினு கீறாரு.” குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

கட்டிலில் விஜயராகவன் மல்லாந்து கிடந்தார். பிணத்துக்குக் கட்டுவதுபோல் மோவாயிலிருந்து உச்சந்தலைவரை துணிக்கட்டு. மூக்கின் மேல் ஒரு ரப்பர் மூடி, அதிலிருந்து நீண்ட குழாய்.

“அய்யோ!” என்று வேதகிரி அலற, பிணம் கண்ணைத் திறந்தது.

“இன்னாய்யா வேதகிரி, இன்னா ஆச்சி?” கட்டைத் தளர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார் விஜயராகவன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். ராத்திரியில் மாட்டிக்கொண்டு படுக்க டாக்டர் ஒரு மிஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். குறட்டை நின்றது, வேறு தொல்லை வந்தது.

“வாயி தானாத் தொறந்துக்குது. காலையில எழுந்தா சித்திரை மாச ஏரியாட்டம் காஞ்சி கீதுய்யா, எச்சி முழுங்க முடியல. வாயைக் கட்டிக்க, மிஷினு டாங்கில டிஸ்டில் வாட்டர் ஊத்து, ஈரக் காத்து வரும்னு எம்பொண்ணு சுதா போன்ல சொல்லிச்சி. ஊருக்குத் தெரிஞ்சா கேலி பண்ணியே சாவடிப்பானுங்க.”

வேதகிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு பொம்பளையைக் கொலைகாரி ஆக்கிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மனசில் நினைத்ததை ஒளிக்காமல் சொன்னான். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

“நல்லவேளண்ணா, தண்ணி கேனாப் பாத்துக் குட்த்தீங்க!” என்றாள் ஹேமாவதி. “வந்ததும் வராததுமா டாங்கி ரொப்பிட்டேன்.”

“கட்டு சரியா நிக்குது. மிஷினையும் இப்பவே போட்டுப் பாத்துட்றேன். ஒரு ரெண்டு மணி நேரம் எவனும் எழுப்பாதீங்க” என்று விஜயராகவன் சாய்ந்தார். ஹேமாவதி வாய்க்கட்டை இறுக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டாள். மிஷின் உஸ்ஸென்று ஊத ஆரம்பித்தது.

வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தான் வேதகிரி. கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது, கல்பனா கேன்களை நகர்த்தி நகர்த்தி எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, ஆசிட் கேன் மூடி ஒடைஞ்சி பூட்ச்சின்னு காலையில நீல மூடி போட்டு வெச்சேனே, அத்த எங்க?”