சுவரில் ஒரு வேடம்

நடிகை தன் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தான் செத்துப்போயிருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய படம். தங்க நிறச் சட்டம். கீழே ஒரு சின்ன சிவப்பு பல்ப். அது எரிந்தால்தான் ஆள் போய்ச் சேர்ந்தாச்சு என்று டிவி பார்க்கிறவர்களுக்கு விளங்குமாம்.

மேடையில் இருபது வருஷம், சினிமாவில் முப்பது வருஷம், அலமாரியில் அடங்காமல் கட்டிலுக்கடியில் குடிபோன விருதுகள். எல்லாம் சேர்ந்து அவளைக் கடைசியில் ஒரு தொடரின் சுவர் வரைக்கும் உயர்த்திவிட்டன. கதாநாயகனின் இறந்துபோன அம்மா. வீட்டுக்குள் நடக்கும் எல்லாக் காட்சியிலும் இருப்பாள். வசனம் கிடையாது. ஆணி தாங்கும்வரை வேலை நிச்சயம்.

சாவது அவளுக்குப் புதிதல்ல. மேடையில் விஷம் குடித்திருக்கிறாள், சினிமாவில் ரயில் முன் விழுந்திருக்கிறாள். கதை தொடங்கும் முன்பே செத்தது மட்டும் இதுதான் முதல் தடவை.

அம்மா வேடமும் புதிதல்ல. திரையில் அவள் பெற்ற பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். அவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள்.

படத்தை மட்டும் கொடுத்தால் போதும், அம்மா சிரமப்பட்டு வர வேண்டாம் என்று தயாரிப்பு நிர்வாகி போனில் குழைந்திருந்தார். ஹீரோ சாரே உங்கள் பெயரைத்தான் சொன்னார் என்று கூடுதலாகக் கொஞ்சம் தேனும் தடவினார்.

அவள் கதையைக் கேட்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். முதல் காட்சியில் மகன் படத்தின் முன் நின்று அழுகிறானே, அப்போது தான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கட்டை வேகும்வரை கிழவிக்கு நடிப்பு ஆசை விடாது என்று நிர்வாகி ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

மூன்று சுவர் மட்டும் உள்ள அந்த வீட்டுக்குள் ஆளாளுக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அவளோடு சேர்ந்தே கிழவராகிப்போன ஒப்பனைக்காரர் வந்து, தேவையே இல்லாமல் அவள் முகத்தில் பவுடர் ஒற்றினார். பக்கத்தில் நின்ற பொடிசுகளிடம் பெருமை அடித்தார். அம்மாவால் ஒரு டேக் வீணாச்சு என்று எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். அம்மா லீவு போட்டதே ஒரு தடவைதான், அதுவும் மஞ்சள் காமாலைக்காக. அக்கா வீட்டில் ஆறு மாதம் பத்தியம். காத்திருந்த தயாரிப்பாளர்தான் மஞ்சளாகிப் போனார்.

பொடிசுகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

கதாநாயகன் வந்தான். அவன் தலைமுடிக்காகவே டிவியை நிறுத்தாத குடும்பங்கள் உண்டு. கலை இயக்குநர் அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு அச்சு அசல், இதற்குப் பெயர்தான் ஆள் தேர்வு என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

கண்ணில் கிளிசரின் விட்டுக்கொண்டு அவன் படத்தின் முன் நின்றான். அரங்கம் மூச்சை அடக்கியது.

"அம்மா... என்னை ஏம்மா விட்டுட்டுப் போனே?"

குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. இயக்குநரின் கட்டைவிரல் மேலே எழப்போன நேரம், நடிகை இருமினாள்.

ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்த்தார். வானம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்குகள்தான் இருந்தன.

மறுபடி கிளிசரின். மறுபடி அம்மா. மறுபடி ஏம்மா விட்டுட்டுப் போனே. அவள் உதடு திறந்து மூடியது. மேடையில் வளர்ந்தவள்; எதிரே ஒருவர் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். படங்களுக்கு அந்த வசதி கிடையாது.

இந்த முறை அவள் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.

அடுத்த முறை நாற்காலி முனகியது.

தானாக நழுவியதுபோல ஒரு பொருளைக் கீழே விடுவதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவள் வாழ்நாளின் மிகச் சிறந்த நடிப்பு அது. பாவம், விருதுக் குழுவிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.

ஒப்பனைக்காரர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வயசானா வீட்டோட இருக்கணும் என்று இயக்குநர் உதவியாளரின் காதைக் கடித்தார். அதை அவளிடம் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை. அத்தனை விருது வாங்கியவளை எழுந்து போகச் சொல்ல எவனுக்கு நாக்கு வரும்?

கடைசியில் கதாநாயகனே வந்தான். அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து, பாட்டிலை எடுத்துத் துடைத்து மடியில் வைத்தான்.

"சித்தி, கோவிச்சுக்காதீங்க. வெளியில போய் ஒரு டீ குடிங்களேன். நீங்க எதிர்ல இருந்தா எனக்கு அம்மாங்கிறதே வாயில வர மாட்டேங்குது."

நல்ல பிள்ளை. அக்கா குறை வைக்காமல்தான் வளர்த்திருந்தாள்.

அவள் எழுந்து போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கனமான கதவு மூடிக்கொண்டது. உள்ளே பேசுவது ஒரு சொல்கூட வெளியே வராது. அதற்கென்றே செய்த கதவு. அவள் தலைக்கு மேல், படப்பிடிப்பு நடக்கிறது என்று சொல்லும் சிவப்பு பல்ப் எரிந்தது.

ஒப்பனைக்காரர் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, கண்ணு ஒரு மாதிரி இருக்கே. அந்தப் பழைய காமாலை திரும்பி வந்துடுச்சா?"

"அது எங்க இனிமே திரும்பி வரப்போகுது" என்றாள்.

டீயை ஊதினாள். ஆறிப்போன டீதான்.

பிறக்கும்போதே மூன்று கிலோ இருந்தது அந்தக் காமாலை. தலை நிறைய முடி.