இறுக்கி மூடிய பாட்டில்

"துக்கம் விசாரிக்கப் போறேன். கையில கொண்டுபோக ஒரு பொருள் வேணும்" என்றாள் அந்தப் பெண்மணி.

பாத்திரக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கல்யாணப் பரிசு கேட்டு வருபவர்கள்தான் அவருக்குப் பழக்கம். யோசித்து, ஒரு பூச்சாடியை எடுத்து வைத்தார்.

"இது வேண்டாங்க. பாட்டில் மூடி திறக்கிற கருவி இருக்கா?"

"துக்க வீட்டுக்கா? தப்பா எடுத்துக்கப் போறாங்கம்மா."

"இறந்தவர் எந்த மூடியையும் இறுக்கி முறுக்கித்தான் மூடுவாரு. திறக்கவும் அவரேதான் வரணும். சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினப்புறம், ஒரு வாய் காப்பி குடிக்கலாம்னு அவர் சம்சாரம் காப்பித்தூள் பாட்டிலை எடுப்பாங்க. திறக்க முடியாம அங்கேயே உக்காந்து அழுவாங்க."

கடைக்காரர் கருவியைத் தேடியெடுத்து, தூசு தட்டிக் காகிதத்தில் சுற்றினார்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. அவர் உங்க அண்ணனாம்மா?"

"இல்லைங்க." அவள் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "அந்தம்மாவைக் கட்டிக்கிறதுக்கு முன்னால, ஒன்பது வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணினாரு. நாங்க பிரிஞ்ச அன்னைக்கு என் சமையலறையில அவர் மூடிவச்ச பாட்டில் நாலு இருந்துச்சு."