அரை முழம் தள்ளி

"ஈரத் தலையோட வந்து நிக்கிறியேம்மா, தண்ணிக்கும் சேத்து நான் நிறுக்கணுமா?"

ஜோஹராவின் பேச்சில்தான் அலட்சியம். கண் அந்தக் கூந்தலை விட்டு நகரவில்லை. முழங்காலைத் தொடும் முடி. அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமன்.

வாணியம்பாடியில் டோப்பா கம்பெனி நடத்தும் ஷஃபியுல்லா சாயபு கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். "இந்த ட்ரிப்பாவது மூணு அடிக்குக் குறையாம ஒண்ணு கொண்டா. இல்லன்னா பழையபடி கொட்டகையில உக்காந்து சிக்கெடு."

பதினோரு வருஷம் சிக்கெடுத்த விரல்கள் அவளுடையவை. மறுபடியும் அந்தக் கொட்டகையா என்று நினைத்தாலே விரல் வலித்தது. ஆனால் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு முடி வாங்க வந்த நேரம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலையில் கரண்டு இருந்த இரண்டு மூன்று இடங்களில் கோபால்சாமியின் மாவு மில்லும் ஒன்று. அங்கே தராசும் கத்தரியுமாக நாலு நாள் உட்கார்ந்தும் கோணிப்பை காலி. சாயங்கால ஜீப்பில் இறங்கியாக வேண்டும்.

"உன் பேரு இன்னா?"

"சின்னக்குழந்தைங்க."

"தலைய நனைச்சா எடை கூடும்னு எந்தப் புண்ணியவான் உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

"ஐயோ, அப்படியில்லக்கா. தலைக்குக் குளிச்சிட்டு நேரா வர்றேன். உங்ககிட்ட காய வைக்கிற மிஷின் கீதாமே? ஒரு பொட்டு ஈரம் இல்லாம காய வெச்சிடுங்க. அப்பறம் எடையைப் பத்திப் பேச்சே வராதில்ல?"

எடையைத் தானாக விட்டுக்கொடுக்கும் ஆளை ஜோஹரா இதுவரை பார்த்ததில்லை. பாவம், விவரம் போதாத பெண் என்று உள்ளுக்குள் சிரித்தபடி, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த மிஷினை எடுத்துச் சொருகினாள். சூட்டை முழுசாகத் திருப்பி, முடியோடு ஒட்டினாற்போல் பிடித்தாள்.

"அக்கா, கிட்ட வெக்காதீங்க! நுனி வெடிச்சுப் போச்சுன்னா யாருக்கு நஷ்டம்?"

"எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?"

"விதைச் சாமைய நாங்க கொதிக்கிற வெயில்ல போட மாட்டோம்க்கா. நெழல்ல காத்தாட வைப்போம். சூடு ஏறிச்சுன்னா உசுரு பூடும். முடிக்கு மட்டும் வேற ஞாயமா?"

ஜோஹராவுக்குச் சுருக்கென்றது. போன தடவை அவசரத்தில் இப்படிப் பொசுக்கிக் காய வைத்த முடி, கம்பெனியில் சீப்பு பட்டதும் துடைப்பக் குச்சி மாதிரி ஒடிந்தது. சாயபு அதை அவள் காலடியிலேயே வீசினார்.

மிஷினை நிறுத்தினாள். பருத்தித் துண்டை எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்குப் பிரித்தாள். பிறகு சூட்டைக் குறைத்து, அரை முழம் தள்ளிப் பிடித்து, பகுதி பகுதியாகக் காற்றுக் காட்டினாள். தன் சரக்கு என்று நினைத்துவிட்டால் யாருக்கும் கை பதமாகிவிடும்.

"ஜோஹராம்மா, அங்க மீட்டரு ஓடுது. இங்க ராகி ஓடுது" என்றார் கோபால்சாமி. "ஒரு முடி பறந்து மாவுல விழுந்தா, களி தின்றவன் என் கழுத்தப் புடிப்பான்."

"சீமையில ஒருத்தி தலைக்குப் போற முடி இது. உங்க களிக்கு இந்தக் கொடுப்பினை வராது, சும்மா இருங்க."

கோபால்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னக்குழந்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இருமியபடி ராகிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, வெலைக்கு வா. ஒரு எவர்சில்வர் குடம், ஒரு பூனம் சேலை."

"பேசிக்கலாம்க்கா. உள்பக்கம் காயட்டும்."

"சேலை ரெண்டு."

"பின்கழுத்துல இன்னும் ஈரம் கீது பாருங்க."

"ரெண்டு சேலை, குடம், கையில அம்பது ரூபா. இதுக்கு மேல கேட்டா நான் என் தலையத்தான் வெட்டிக் குடுக்கணும்!"

சின்னக்குழந்தை சிரித்தாள். அவள் ஒரு விலையும் கேட்காமலே விலை ஏறிக்கொண்டிருந்ததை ஜோஹரா கவனிக்கவில்லை.

கடைசியில் சூட்டை அணைத்து, வெறும் குளிர்ந்த காற்றை மட்டும் உச்சியிலிருந்து நுனி வரை ஓடவிட்டாள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மில்லின் அழுது வடிந்த பல்பு வெளிச்சம்கூட அந்தக் கூந்தலில் வழுக்கி விழுந்தது. அரைக்க வந்தவர்கள் கூடையை இறக்காமல் நின்று பார்த்தார்கள்.

இனிக் கொட்டகை இல்லை. ஜோஹரா "பிஸ்மில்லா" என்று கத்தரியை எடுத்தாள்.

வெளியே ஜீப் ஹாரன் கேட்டது.

சின்னக்குழந்தை சட்டென்று எழுந்து, கூந்தலை முன்பக்கம் இழுத்துப் போட்டுப் பின்ன ஆரம்பித்தாள்.

"அடியே! எங்க போற?"

"கோச்சிக்காதீங்கக்கா. என்னைப் பொண்ணு பாக்கறதுக்கு சந்தவாசல் மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க. வெயிலே இல்லாத ஊர்ல இதக் காய வைக்க எனக்கு வேற வழி தெரியல." இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை ஜோஹராவின் கையில் வைத்தாள். "இது உங்க கூலி. தை பொறக்கறதுக்குள்ள இந்த மலையில இன்னும் ஒம்போது பொண்ணுங்களைப் பாக்க வர்றாங்க. மூணு பேரு இப்பவே தலைக்குக் குளிச்சிட்டு வெளிய நிக்கிறாளுங்க. கத்தரிய உள்ள வெச்சிட்டுச் சொல்லுங்க, யார மொதல்ல அனுப்பட்டும்?"