வண்டிச் சாவி

மகள் சுடர்விழியின் பிரசவத்துக்கு ஓசூர் போன திலகவதி, வண்டிச் சாவியையும் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

ஆத்மநாதன் போனில் கத்தினார். கைப்பைக்குள் கிடந்ததைக் கவனிக்கவில்லை, வரும்போது கொண்டுவருகிறேன் என்று அவள் சாவகாசமாகச் சொன்னாள். தெருமுனைக் கடைக்கே வண்டியில் போகிற மனுஷருக்குக் காலை ஒடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

சாவி மட்டுமா? கொல்லையில் நின்ற பலாமரங்களையும் இந்த வருஷம் வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிட்டாள். சர்க்கரை வந்த வீட்டில் பழம் எதற்காம்.

டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "வாயைக் கட்டுங்க, காலை அவுத்து விடுங்க" என்று சொல்லியிருந்தார். திலகவதி முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்பது ஆத்மநாதனுடைய மனக்குறை.

ஆனி மாதத்துக் கீரமங்கலத்தில் பலாப்பழ வாசனை இல்லாமல் மூச்சு விட முடியாது. அவர் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வயிறு முட்டத் தின்ன வேண்டாம், ஒரு சுளை போதும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு திலகவதி பழம் அறுக்கும்போது, முதல் சுளையைக் கொட்டை நீக்கி இவரிடம்தான் நீட்டுவாள். அந்தச் சுளைதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. வீட்டில் அதுவும் இல்லை, அவளும் இல்லை, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

அந்த ஊரில் யார் வீட்டில் பழம் அறுத்தாலும் அக்கம்பக்கத்துக்கு ஒரு தட்டு போகும். பக்கத்து வீட்டு உதயசூரியன் பழம் அறுத்த அன்று, ஆத்மநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். தட்டு வந்தது. இவர் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனது. உதயசூரியன் தட்டைத் துண்டால் மூடிக்கொண்டே, "சாப்ட்டாச்சாண்ணே?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நோய் வந்தவன் என்று ஒதுக்குகிறார்களா?

மறுநாள் மூச்சு வாங்க வாங்க மார்க்கெட்டுக்கு நடந்தார். அது வேறொருவருக்குச் சொல்லி வைத்த பழம் என்றார் கடைக்காரர். அடுத்த நாள் இன்னும் தள்ளி, பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் மணக்க மணக்கப் பழத்தை வைத்துக்கொண்டு, இவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் பழுக்கலண்ணே" என்றார்.

எல்லாம் திலகவதி பார்த்த வேலை என்று அப்போதுதான் உறைத்தது. ஊருக்குப் போகிறவள், வீடு வீடாக, கடை கடையாகச் சொல்லித் தடை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை பேர் முன்னால் தன்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிவிட்டாளே என்று பொங்கிக்கொண்டு வந்தது. அன்று அவள் போன் அடித்தபோது அவர் எடுக்கவில்லை.

விடிந்ததும் பனங்குளம் ரோட்டில் நடையைக் கட்டினார். பஸ்ஸில் ஏறினால் எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். பனங்குளம் பக்கம் தன்னைத் தெரிந்தவர்கள் கிடையாது. அவ்வளவு தூரம் நடந்தும் மூச்சு வாங்கவில்லை. கோபத்தின் வேகம் என்று நினைத்துக்கொண்டார்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் ரஞ்சிதா என்ற பெண் பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தடவிய அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்குத் திலகவதி ஞாபகம் வந்தது. சர்க்கரை நோயைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஒரு சுளை தாம்மா."

அவள் நிமிர்ந்து இவரை உற்றுப் பார்த்தாள். பிறகு இவருக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

"வண்டியில வரலையாண்ணே?"

"இல்லம்மா. நடந்துதான் வாரேன்."

"கீரமங்கலத்துலேருந்தா?"

"ஆமா."

ரஞ்சிதா சிரித்துக்கொண்டே ஒரு சுளையைக் கொட்டை நீக்கி, இலையில் வைத்து நீட்டினாள். அவர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு தின்றார். இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

"ஒண்ணுதாண்ணே. நாளைக்கும் நடந்து வாங்க, இன்னொண்ணு தாரேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அண்ணி இங்கிட்டு வந்து ஒங்க போட்டோவக் காட்டிச் சொல்லிட்டுத்தான் போனாங்க. ‘ஊருக்குள்ள அவருக்கு யாரும் பழம் குடுக்க மாட்டாங்க. தேடிக்கிட்டு இங்க வருவாரு. யாரு வண்டியிலயாவது ஏறி வந்தா வெறும் கொட்டையக் குடு. நடந்து வந்தா ஒரு சுளை குடு, பாவம், ரொம்ப ஆசப்படுவாரு’ன்னாங்க."

ஆத்மநாதன் கையிலிருந்த வெறும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு அண்ணி இங்கயே நின்னு ஆசை தீரத் தின்னாங்க. ஒங்கள வச்சுக்கிட்டு வீட்டுல திங்க மனசு வரலையாம்." ரஞ்சிதா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "நீங்க போன எடுக்கலன்னு நேத்து எனக்கு அடிச்சுக் கேட்டாங்க, நடந்து வந்தாரான்னு. இப்பச் சொல்லிறவாண்ணே?"

அவர் வாயில் மிச்சமிருந்த இனிப்பை மெதுவாக விழுங்கினார்.

"சொல்லும்மா. சாவி அவகிட்டயே இருக்கட்டும்னு சொல்லு."