நெத்தோலி இல்லாத நாசி லெமாக்

"மீன் படாத நாசி லெமாக் கிடைக்குமா? உண்டா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கோ."

வாசலில் நின்றபடியே சூடாமணி கேட்டாள். சமையலறைக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

அன்று மழை பெய்ததா, அவள் குடையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாளா என்பது செல்வினுக்கு இப்போது சரியாக நினைவில்லை. கிள்ளிப்பாலம் சந்துக்குள் நான்கு மேசை போட்டு அவன் நடத்தும் மலேசியச் சாப்பாட்டுக் கடைக்கு வலியசாலை அக்ரஹாரத்து மாமி ஒருத்தி வந்து நின்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நெத்தோலி மீன் தொடாத சட்டியே அந்தக் கடையில் கிடையாது.

"மாமி, இது மீன் கடையாக்கும். ரோட்டுக்குப் போனா நல்ல சைவ ஓட்டல் உண்டு."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்." அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "எங்காத்துக்காரர், நான் கோயிலுக்குப் போயிருக்கேன்னு நினைச்சிண்டிருக்கார்."

"இங்க என்னத்துக்கு மாமி?"

"என் பையன் நவநீத் பினாங்குல வேலையா இருக்கான். தினம் இந்த நாசி லெமாக்தான் சாப்பிடறேன்னு பறயறான். நாலு மாசமா போன்ல குரல் மட்டும்தான். மூஞ்சியைக் காட்டுடான்னா நெட்வொர்க் சரியில்லைங்கறான். மெலிஞ்சானா, படுத்துண்டானா, ஒண்ணும் தெரியலை. இவரானா, தெரு முழுக்கப் பெரிய கம்பெனி, பெரிய கம்பெனின்னு சொல்லிண்டு நடக்கறார். அந்தச் சாதம் ஒரு மனுஷனைத் தாங்குமான்னு நானே தின்னு பாத்துடறேன்."

"அதெல்லாம் தாங்கும் மாமி. நானும் அங்க வருஷக்கணக்கா அதைத் தின்னவன்தான். என் வயித்தைப் பாருங்க!"

அவள் சிரிக்கவில்லை. செல்வின் உள்ளே போனான். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவன் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"புதுச் சட்டி எடுக்கச் சொல்லியிருக்கு. மீன் படாது."

"சமைக்கறது மலேசியாக்காரரா?"

"இல்ல... அங்க போய்ப் பழகின ஆளு."

"அப்படியா! கொஞ்சம் கூப்பிடுங்கோ. அங்கே நம்ம பசங்க எப்படி இருக்கான்னு ரெண்டு வார்த்தை கேட்டுக்கறேன்."

"அடுப்பை விட்டு வர முடியாது மாமி. ஆளும் கொஞ்சம் கூச்சக்காரன்."

"நானே போய்க் கேக்கறேன்." அவள் எழுந்தாள்.

"அய்யோ, உள்ள வரப்பிடாது!" செல்வின் இரண்டு கைகளையும் விரித்துச் சமையலறை வாசலை மறித்தான். "மேடை பூரா மீனாக்கும்!"

அவள் மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே அடுப்பு சீறும் ஓசை கேட்டது. பக்கத்து மேசையில், விழிஞ்ஞம் துறைமுகச் சீருடையில் ஒருவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தட்டையே அவள் பார்த்தாள்.

"சிவப்பா இருக்கே, அது என்ன?"

"சம்பல். மிளகாயும் வெங்காயமும் அரைச்சு, எண்ணெய் தெளிய வதக்கி, நெத்தோலி போடுறது. உங்களுக்கு நெத்தோலி இருக்காது."

"வெங்காயமா..." என்று எதையோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். ஏற்கெனவே இந்த மனிதரை நிறையப் படுத்தியாயிற்று. "சாரமில்லை, பரவாயில்லை. கொண்டு வாங்கோ."

வாழையிலையில் வந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த வெள்ளைச் சோறு, வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித்துண்டு, ஓரத்தில் சம்பல். சூடாமணி சோற்றைத் தொடவில்லை. சம்பலை விரல் நுனியால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நாக்கில் வைத்தாள். மறுபடி சம்பலைக் கிளறினாள்.

செல்வின் மேசையருகே வந்தான். "என்ன மாமி, மீன் வாசம் அடிக்குதா?"

"இதுல வெங்காயம் எங்கே?"

அவன் இலையைக் குனிந்து பார்த்தான். அவனுக்கே புரியவில்லை. "வெங்காயம் இல்லாம சம்பலே கிடையாதே! மறந்துட்டான் போல. மாத்தித் தரச் சொல்லட்டா?"

"மறக்கலை," என்றாள் சூடாமணி.

ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இடையில் இரண்டு முறை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சம்பல் காரம் என்று செல்வின் தண்ணீரை நகர்த்தி வைத்தான். அவள் கை கழுவிவிட்டு வந்து, குடையை எடுத்துக்கொண்டு, சமையலறைக் கதவைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னிக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமைன்னா நான் வெங்காயம் சேர்க்கறதில்லை. அதை உங்ககிட்ட நான் சொல்லவே இல்லை."

செல்வின் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே அடுப்பின் சீறல் நின்றது.

"மீன் பொரிச்சாப் பொரிக்கட்டும். குளிச்சுட்டு ஆத்துக்கு வரச் சொல்லுங்கோ நவநீத்தை. அவன் அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் கணவர் சாம்பசிவன் கொஞ்ச நாள் மகனோடு பேசாமல் இருந்தார், பிறகு பேசினார். பினாங்கிலிருந்து அதற்கப்புறம் போன் வரவில்லை.