குரல் மட்டும் தனியாக

டயகம தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் இசை வரலாற்றில் அன்று மகத்தான தீர்ப்பு ஒன்று வரவிருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கக் கடையிலிருந்து வாங்கிவந்த புது சவுண்ட் கார்டை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று சதீஸ்குமார் சொல்லியாகவேண்டும்.

"திருப்பிக் குடுத்துட்டு, ஒழுகுற கூரைக்குத் தகரம் வாங்குங்க" என்றாள் மனைவி ஜெயந்தினி.

"காது உள்ளவங்க பேசுற விசயம் இது. நீ சும்மா இரு."

கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக் கௌசி கத்தினாள்: "அண்ணே, நேத்துப் போட்ட பாட்டையே போடுங்க!"

போட்டார். கண்களை மூடினார். சற்று நேரத்தில் முகம் மலர்ந்தது.

"அடடா! மேளம், வயலினெல்லாம் ஒதுங்கி, குரல் மட்டும் தனியா வருது பாரு! பக்கத்துல நின்னு பாடுற மாதிரி! தகரமாவது ஒண்ணாவது, கார்டு நமக்குத்தான்!"

"கரண்டு போயிருச்சுங்க" என்றாள் ஜெயந்தினி. "பாடுறது கௌசி."